நாகமீது

பாட்டுப் புத்தகத்தை விரித்தால் மற்றவர்கள் பாட்டைப் பார்ப்பார்கள். அவர் பாட்டின் அடியைத்தான் பார்ப்பார். அங்கே பொடி எழுத்தில் ஒரு பக்கம் சொற்களை எழுதியவர் பெயரும், மறுபக்கம் மெட்டுப் போட்டவர் பெயரும் இருக்கும். இரண்டையும் வாசித்து முடித்த பிறகுதான் கோயில் ஓகன் வாத்தியத்தில் விரலை வைப்பார். பெயர் இல்லாத பாட்டென்றால் முகம் கோணிவிடும்.

"இங்கிலீசிலை எழுதினவைக்குப் பேர் இருக்கு. மெட்டுப் போட்டவைக்கும் பேர் இருக்கு. தமிழ் என்ன, தானாய் முளைச்சதோ?" என்று கேட்பார். நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். திறந்தால் அரை மணித்தியாலம் போய்விடும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எங்கள் தமிழ் மெதடிஸ்த சபைக்கு ரொறன்ரோவில் சொந்தக் கோயில் இல்லை. அஜின்கோர்ட்டில் ஒரு வெள்ளைக்காரச் சபை தன் கோயிலை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு எங்களுக்குத் தரும். அவர்கள் குடித்த கோப்பியின் மணம் போகுமுன்னம் நாங்கள் உள்ளே நிற்போம். நாலு மணிக்குக் கொரியச் சபை வந்துவிடும். பனிக்காலத்தில் வாசலில் ஐம்பது சோடி பூட்ஸ் தண்ணீர் வடித்துக்கொண்டு கிடக்கும்.

ஓகனுக்கு ஒரே ஆள் அவர்தான். ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். கிழமை நாட்களில் ஒரு தொழிற்சாலையில் மின்பலகைகளில் சின்னச் சாமான்களைப் பொருத்துகிற வேலை. நான் அக்கா என்று கூப்பிடுவேன். ஊரில் காலால் மிதித்துக் காற்றடிக்கிற ஓகனில் பழகியவர். இங்கே இருந்தது மின்சார ஓகன், ஒன்றையும் மிதிக்கத் தேவையில்லை. ஆனாலும் அவருடைய கால்கள் இரண்டும் மிதித்துக்கொண்டேயிருக்கும். கோபம் வந்தால் வேகமாக மிதிக்கும். பக்கவாட்டு வாங்கில் இருக்கிற எங்களுக்கு அந்தக் கால்களைப் பார்த்தாலே இன்றைக்கு யாருக்கோ நல்லாக விழப்போகிறது என்று விளங்கிவிடும்.

கறுவம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. ஒருவர் செய்ததை மனதுக்குள் வைத்திருந்து, ஆறுதலாக நாள் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது. அக்காவுக்கு உடம்பெல்லாம் கறுவம். ஆனால் வாய்ச்சண்டைக்குப் போக மாட்டார். ஒருமுறை போதகர் பிரசங்கத்தில், சிலர் கடவுளைவிட இசைக்கருவியை அதிகமாக நேசிக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா வீட்டுக்குப் போகும்போது அவருக்குச் சிரித்துக்கொண்டு கைகொடுத்தார். அடுத்த ஞாயிறு முதற் பாட்டில் ஏழு சரணம், இரண்டாவது பாட்டில் எட்டுச் சரணம், ஒன்றையும் விடாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் நீட்டி முழக்கி வாசித்தார். போதகர் பைபிளைத் திறந்தபோது கொரியர்கள் வாசலில் சப்பாத்துத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். பாவம் மனுசன், ஒன்பது நிமிடத்தில் பிரசங்கத்தை முடித்தார்.

நாங்கள் பாடின பாட்டுகளில் பாதிக்கு மேல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மெதடிஸ்தர்கள் எழுதிய சுவிசேஷப் பாட்டுகள். கூடாரம் அடித்து ஊர் ஊராகப் பிரசங்கம் பண்ணியவர்கள், ஞாயிறு பள்ளிக்கூட வாத்தியார்கள், தையல் தைத்தபடி வரிகளை யோசித்த பெண்கள் எழுதியவை. அக்கா நூலகத்தில் பழைய ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களை எடுத்து அவர்களுடைய கதைகளைத் தேடித் தேடி வாசிப்பார். மற்றவர்கள் அந்தக் கதைகளில் விசுவாசத்தைத் தேடுவார்கள். அக்கா தேடினது யாருக்கு அநியாயம் நடந்தது என்பதைத்தான். "மனிசி எழுதியிருக்கிறா, புருஷன்ரை பேரிலை அச்சடிச்சிருக்கிறாங்கள். பாருமன் கொடுமையை" என்பார், நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்ததைச் சொல்கிற குரலில்.

அதில் ஒன்று கோரஸ் விஷயம். சரணத்துக்குச் சரணம் திரும்பி வருகிற கோரஸ் பல பாட்டுகளில் கவிதை எழுதியவருடையது இல்லையாம். மெட்டுப் போட்டவர், எழுதியவரைக் கேட்காமலே ஒட்டிவிடுவாராம். அக்கா இதை எங்கோ வாசித்த நாளிலிருந்து அப்படிப்பட்ட பாட்டுகளுக்குக் கோரஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நாங்கள் சரணத்தை முடித்து, மூச்சை இழுத்து, கோரஸைத் தொடங்க வாயைத் திறந்தால் ஓகன் அடுத்த சரணத்துக்குப் போய்விட்டிருக்கும். பாதிப்பேர் கோரஸ், பாதிப்பேர் சரணம். கேட்டால், "அந்த மனிசி எழுதாததை நான் ஏன் வாசிக்க வேணும்?" என்பார். செத்து எத்தனையோ காலமான அமெரிக்கப் பெண்ணுக்காக அஜின்கோர்ட்டில் எங்கள் மூக்கை உடைத்தார். எனக்கு அது பிடித்திருந்தது. என்னுடைய அம்மாவுக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

அம்மாவும் நானும் டோர்செட் பார்க்கில் ஒரு அப்பாட்மென்ரில் பதினோராவது மாடியில் இருந்தோம். ஆராதனை முடிந்து அக்கா எங்களோடு பஸ்ஸில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார். அம்மாவுக்கு ஒரு பாட்டென்றால் உயிர். கடற்பயணத்தைப் பற்றிய அமெரிக்கப் பாட்டு ஒன்றின் தமிழ். நாலு சரணம். "நாவாய் ஏறி வந்தேன் நாதா" என்று தொடங்கும். இரண்டாம் சரணம் "கண்கள் காணாக் காரிருளில்". மூன்றாவது "முத்தி சேரும் துறை காட்டும்". நாலாவது "துடுப்பை உன் கையில் தந்தேன்". புத்தகத்தில் அதன் அடியில் இங்கிலீசுப் பெயர்கள் மட்டும் இருந்தன. அந்தப் பாட்டை வாசிக்கும்போது மட்டும் அக்காவின் கால்கள் மெதுவாக மிதிக்கும். ஏனென்று நாங்கள் கேட்டதில்லை.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. மார்க்கம் நகரத்தில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை செய்தேன். சபையில் தமிழ் எழுத்துப் போட்ட கொம்பியூட்டர் என்னிடம்தான் இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த பாட்டுப் புத்தகங்கள் ஒற்றை ஒற்றையாகக் கழன்று போனபடியால், புதிதாக ஒன்று அச்சடிக்கக் கமிற்றி போட்டார்கள். அதற்குத் தலைவர் மாஸ்ரர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், சபைச் செயலாளர், மற்றவர்களுடைய தமிழைத் திருத்துவதில் பிரியம் உள்ளவர். அவர் பாட்டுகளைப் போட்டோக்கொப்பி எடுத்து, சிவப்புப் பேனையால் திருத்தித் தருவார். நான் அடிப்பேன். மெட்டும் அளவும் சரியோ என்று அக்கா பார்ப்பார். ஆனால் கடைசிக் கட்டுத் தாள்களில் இருந்த இருபது பாட்டுகளை நேரமில்லை என்று அக்காவிடம் காட்டாமலே அச்சுக்குக் கொடுத்துவிட்டோம்.

அந்த இருபதில் ஒன்று நாவாய்ப் பாட்டு. அடித்துக்கொண்டு போகும்போது மூன்றாம் சரணத்தில் "முத்தி" என்ற சொல் என் கண்ணில் குத்தியது. முத்தி சைவப் பக்கத்துச் சொல் அல்லவா, வேலைசெய்கிற இடத்துச் சைவப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குள் ஒரு ஞானம். முத்தியை எடுத்துவிட்டு "மீட்பு" என்று அடித்தேன். அளவும் சரியாக வந்தது. ஒருவரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று நினைக்கவுமில்லை. தட்டச்சுக்காரியின் திமிர், வேறென்ன.

புத்தகம் வந்த ஞாயிறு மாஸ்ரர் அதற்கு ஜெபம் பண்ணி எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். அக்கா ஓகனில் இருந்தபடி நாவாய்ப் பாட்டைத்தான் முதலில் தேடினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய விரல் ஒவ்வொரு சரணத்தின் முதல் எழுத்தையும் தொட்டுக்கொண்டு கீழே இறங்கியது. மூன்றாவதில் நின்றது. கால்கள் இரண்டும் நின்றுபோயின. அப்படி நின்றதை நான் முன்பு கண்டதில்லை.

அன்றைக்கு எங்கள் குசினி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்தார்.

"பிள்ளை, நாலு சரணத்திலையும் முதல் எழுத்தை வாசியும்."

"நா, க, மீ, து" என்றேன்.

"சேர்த்து வாசியும்."

"நாகமீது."

"எண்டால் என்ன?"

"பாம்புக்கு மேலை" என்றார் அம்மா, தேத்தண்ணியை மேசையில் வைத்தபடி.

"ஓம் அன்ரி. என்ரை பூட்டனைப் பாம்புக்கு மேலை ஏத்தி வைச்சிருக்கிறாங்கள்."

பிறகுதான் சொன்னார். அவருடைய பூட்டன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து உபதேசியார் ஆனவர். ஞானஸ்நானம் கொடுக்கும்போது, சீமையில் இருந்து உதவி அனுப்பிய யாரோ ஒரு கனவானுடைய பெயரை அவருக்கு வைத்துவிட்டார்கள். கோயில் பதிவு இடாப்பிலும் கல்லறையிலும் அந்த வெள்ளைக்காரப் பெயர்தான். பிறந்தபோது வைத்த பெயர் நாகமுத்து. மிஷனரி கொண்டுவந்த அமெரிக்கப் பாட்டைத் தமிழாக்கினவர் அவர். மிஷனரி அவருடைய பெயரைப் போடாமல் அச்சடித்தார். ஆனால் உபதேசியார் அதற்கு முன்பே நாலு சரணத்தின் தலையிலும் தன் பெயரை வைத்துவிட்டார். நா, க, மு, து. புள்ளி வைத்த எழுத்தில் சொல் தொடங்காது என்பதால் த் மட்டும் இல்லை.

"உலகத்திலை பூட்டன்ரை பேர் இருந்த ஒரே இடம் இதுதான். அப்பு எனக்குக் காட்டினது. நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை" என்றார் அக்கா. அவர் அழவில்லை. மேசைக்கடியில் கால்கள் மிதிக்கத் தொடங்கியது கேட்டது. "இதை மாத்தினது ஆர்?"

அந்த நேரத்தில் நான்தான் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார், அல்லது நாலு வருடம். என்ன நடந்தாலும் என்னோடு போயிருக்கும். நான் சொன்னது இதுதான்: "பிரதி மாஸ்ரரிட்டையிருந்துதான் வந்தது, அக்கா."

அது பொய் இல்லை. மாஸ்ரரிடமிருந்துதான் வந்தது. முத்தி என்றுதான் வந்தது.

அடுத்த ஞாயிறு அக்கா மாஸ்ரரை வாசலில் மறித்தார். "மாஸ்ரர், பாட்டுகளிலை சொல்லு மாத்தினனீங்களோ?" எந்தப் பாட்டு, எந்தச் சொல் என்று கேட்கவில்லை. மாஸ்ரர் வேறு பாட்டுகளில் அங்கேயிங்கே திருத்தியது உண்மைதான். அவர் தலையை நிமிர்த்திக்கொண்டு, "ஓம், மாத்தினதுதான். பழந்தமிழைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு என்ன செய்யிறது? பிள்ளையளுக்கு விளங்க வேண்டாமோ?" என்றார். "நல்லது" என்று சொல்லிவிட்டு அக்கா சிரித்துக்கொண்டு கைகொடுத்தார். போதகருக்கும் முன்பு அப்படித்தான் சிரித்துக் கைகொடுத்தவர்.

ஆறு மாதம் பொறுத்திருந்தார். மாஸ்ரரின் ஒரே மகளுக்குக் கலியாணம் வந்தது.

இந்தப் பாட்டுகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மெட்டின் பக்கத்தில் எட்டு, ஏழு, எட்டு, ஏழு என்று அசைகளின் எண்ணிக்கை போட்டிருக்கும். எண் ஒன்றானால் எந்தப் பாட்டின் சொற்களையும் எந்த மெட்டிலும் பாடலாம். ஓகன்காரர்கள் அதைச் செய்வது வழக்கம். அன்றைக்குக் கோயில் நிறைந்திருந்தது. வீடியோக்காரர் வெளிச்சத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லோரும் எழும்பி மணவாழ்வைப் பற்றிய பாட்டைத் தொடங்கினோம். சொற்கள் கலியாணத்துக்குரியவை. அக்கா வாசித்த மெட்டோ, பிரேதப்பெட்டியைத் தூக்கும்போது எங்கள் ஊர்க் கோயில்களில் பாடுகிற மெட்டு.

அளவு ஒரு அசை பிசகவில்லை. அதனால் ஒருவருக்கும் உடனே பிடிபடவில்லை. இரண்டாம் சரணத்தில் வயதான பெண்கள் கைலேஞ்சியை எடுத்தார்கள், ஏன் எடுக்கிறோம் என்று தெரியாமலே. பெண்ணின் தாய் அந்த மெட்டைக் கடைசியாகக் கேட்டது தன் தாயை அடக்கம் பண்ணும்போது. அவர் வாங்கில் இருந்து விம்மி விம்மி அழுதார். தாயைப் பார்த்து மகள் அழுதாள். கண்மை வழிந்தது. வீடியோக்காரர் ஒருவர் அழுகையையும் விடாமல் எடுத்தார். மாஸ்ரர் பாட்டுத் தாளைப் பிடித்தபடி என்ன நடக்கிறதென்று தெரியாமல் நின்றார். வெளியே வரும்போது அக்கா அவரிடம், "அளவு சரிதானே, மாஸ்ரர்?" என்றார்.

நான் மூன்றாம் வாங்கில் நின்றேன். எனக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். வெட்கமாக இருந்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அடி என்மேல் விழவில்லை என்று உள்ளுக்குள் ஒரு ஆறுதலும் இருந்தது. இரண்டு மாதத்தில் மாஸ்ரர் குடும்பம் மார்க்கம் பக்கத்தில் வேறு சபைக்குப் போய்விட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்தார். அக்கா கிழமைக்கு ஒருமுறை வருவார். பக்கத்தில் இருந்து மெதுவாகப் பாடுவார். ஒருநாள் அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, நான் போகேக்கை அந்த நாவாய்ப் பாட்டை நீர்தான் வாசிக்க வேணும்" என்றார். "வாசிக்கிறன் அன்ரி" என்றார் அக்கா. நானும் அங்கேதான் நின்றேன்.

பெப்ரவரியில் அம்மா போனார். பனி கொட்டின நாள். ஆனாலும் கோயில் நிறைந்துவிட்டது. அக்கா நேரத்துக்கு முன்பே வந்து ஓகனில் இருந்தார். வெள்ளைச் சேலை. போதகர் ஜெபம் பண்ணி, அம்மாவின் விருப்பப் பாட்டு என்று சொல்லி இலக்கத்தை வாசித்தார். எல்லோரும் எழும்பினோம். ஓகன் ஒலிக்கவில்லை.

முதலில் மின்சாரக் கோளாறு என்று நினைத்தேன். பிறகு பார்த்தேன். புத்தகம் விரித்தபடி இருந்தது. கைகள் இரண்டும் மடியில் இருந்தன. நான் பெட்டியைத் தாண்டி அவரிடம் போனேன்.

"அக்கா, தொடங்குங்கோ."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "மீட்பு எண்டு எழுதின பாட்டு எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார். "எழுதினவவே வாசிக்கட்டும்."

யாரோ பின்னாலிருந்து பாட்டைத் தொடங்கினார்கள். சுருதி எட்டாத உயரத்தில் போய்விட்டது. இரண்டாம் சரணத்தில் ஆண்களெல்லாம் விட்டுவிட்டார்கள், மூன்றாவதில் நாலைந்து பெண்கள் மட்டும், நாலாவதை ஒருவரும் பாடவில்லை. பெட்டி மௌனமாக வெளியே போனது. அக்கா கடைசிவரை ஓகனில் இருந்தார். வராமல் விட்டிருக்கலாம். வாசிக்காமல் இருப்பதற்கென்றே வந்தார்.

மாஸ்ரர்தான் எனக்குப் பிறகு சொன்னார். அம்மா சாக மூன்று கிழமைக்கு முன்பு அக்கா அவரைத் தமிழ்க் கடையொன்றில் கண்டு, பாட்டுப் பேச்சு எடுத்திருக்கிறார். மாஸ்ரர் அக்காவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், நான் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த பழைய போட்டோக்கொப்பிகளைக் காட்டியிருக்கிறார். சிவப்புப் பேனை படாத "முத்தி". அக்கா அவர் காலடியில் குனிந்து மன்னிப்புக் கேட்டாராம். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அந்த மூன்று கிழமையும் எங்கள் வீட்டுக்கு வந்தார், என் கையால் இடியப்பம் சாப்பிட்டார், அம்மாவின் காலைத் தடவிக் கொடுத்தார்.

நான் செய்தது பிழை. கோழைத்தனம். மாஸ்ரரிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். ஆனால் என் அம்மா என்ன செய்தார்? அவர் முத்தி என்று பாடினவர், கடைசிவரை முத்தி என்றுதான் பாடினவர். என்னை அடிக்க வேண்டுமென்றால் என் முகத்தில் அடித்திருக்கலாம். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. எனக்கு ஆறவில்லை. ஆறவேண்டுமென்று நான் ஜெபிப்பதும் இல்லை.

அம்மா போய் இரண்டு வருடத்தில் புத்தகம் எல்லாம் தீர்ந்து மறுபதிப்புப் போட வேண்டியிருந்தது. தமிழ் அடிக்க என்னைவிட ஆள் இல்லை. மீட்பை எடுத்துவிட்டு முத்தியை வைத்தேன். பாட்டின் அடியில், இங்கிலீசுப் பெயர்களுக்குக் கீழே, "தமிழில்: நாகமுத்து" என்று தடித்த எழுத்தில் போட்டேன். அந்த மனுசனோடு எனக்கு என்ன கோபம்? பிறகு நன்றிப் பக்கத்தை அடித்தேன். மாஸ்ரர், போதகர், அச்சகத்தார், தேத்தண்ணி ஊற்றியவர்கள், கோயில் கதவுத் திறப்பை வைத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் வரை எல்லோருக்கும் நன்றி. இருநூறு பாட்டுக்குக் கிட்ட அளவு பார்த்தவரை விட்டுவிட்டேன்.

புத்தகம் வந்த அன்று அக்கா முதலில் பாட்டைப் பார்த்தார். அடியில் இருந்த பெயரைப் பார்த்தார். விரலால் அதைத் தடவினார், இரண்டு மூன்று தரம். பிறகு முன்பக்கத்துக்குத் திருப்பி, நன்றிப் பட்டியலை மேலிருந்து கீழே வாசித்தார். திரும்பவும் வாசித்தார். தலையை நிமிர்த்தி என்னைத் தேடினார். நான் பார்வையை எடுக்கவில்லை. அவர்தான் குனிந்தார்.

அவர் இப்போது எங்கே, எப்படி இருக்கிறார் என்று நான் விசாரிப்பதில்லை. இதை வாசிக்கிற எங்கள் சபைக்காரர், எவ்வளவோ எழுதிவிட்டு ஆளின் பெயரை மட்டும் மறந்துபோனாயே என்று கேட்பார்கள். மறக்கவில்லை. ஒரு பெயர் இல்லாமல் போனால் எப்படி வலிக்கும் என்று எங்கள் குசினி மேசையில் இருந்து எனக்குச் சொல்லித் தந்தவர் அவர். முழுப் பெயரும் தெரியும், தகப்பன் பெயரும் தெரியும். எழுத மாட்டேன்.